பன்னிரண்டாவது நாற்காலி

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி முதலில் கேட்டுக்கொள்கிறேன். அச்சாகி வரும்போது அது உங்களுக்குத் தெரியாது. ஆனால் இதைக் கம்ப்யூட்டரில் அடிக்கப்போகிற பிள்ளைக்குத் தெரியும். எழுத்துப் பிழைகளை அந்தப் பிள்ளை திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம். நான் நாலாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் வேதாகமமும், பட்டறையில் மிஷின்களின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைகளும்தான். நாலு பேர் எதிரில் நின்று பேசச் சொன்னால் எனக்கு வேர்த்துக் கொட்டும். காகிதத்துக்கு முன்னால் அந்தத் தொல்லை இல்லை.

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு உடன்பிறந்தவன் என்ற முறையில் நான்தான் எழுதவேண்டும் என்று அண்ணி சொன்னார்கள். அதைக் கேள்விப்பட்டு எங்கள் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். எங்கள் தகப்பனாரின் கடைசித் தம்பி. இந்தக் குடும்பத்தில் இப்போது வயதில் மூத்தவர்.

"நல்லதா நாலு வார்த்தை எழுதுடா. பக்திமான், உழைப்பாளி, யாருக்கும் தீங்கு நினைக்காதவருன்னு. அந்தக் கோயில் படத்துக் கதை மட்டும் வேணாம். பத்து ஊருக்குப் போற புஸ்தகம் இது."

சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அந்தக் கதையை விட்டுவிட்டால் அண்ணனைப் பற்றி எழுத என்ன மீதி இருக்கிறது? பிறந்தார், பெட்டிகளின் மேல் நம்பர் எழுதினார், இறந்தார். அதற்கு மலர் எதற்கு? கல்லறைக் கல்லே போதும். சித்தப்பாவும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

அண்ணன் பிறந்தது பூனாவில், போபோடியில், ரயில்வே கேட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில். எங்கள் பூட்டனார் மாசிலாமணி அவர்கள் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு கூலியாக வந்தவர். பட்டாளம் போய்விட்டது, நாங்கள் இருந்துவிட்டோம். எங்கள் தகப்பனார் கட்கியில் தொழிற்சாலை வேலையில் இருக்கும்போதே காலமானதால் அந்த வேலை அண்ணனுக்குக் கிடைத்தது. பெயின்டர் பிரிவு. மரப்பெட்டிகளின் மேல் நம்பரும் அம்புக்குறியும் எழுதுகிற வேலை. அண்ணன் என்னைப் படிக்க வைக்கவில்லை என்று உறவில் சிலர் சொல்லித் திரிந்தார்கள். அது பொய். எனக்குப் படிப்பு வரவில்லை, பள்ளிக்கூடத்தை விட்டேன், கசார்வாடியில் ஒரு பட்டறையில் துளை போடும் மிஷினில் நின்றேன், இன்றும் நிற்கிறேன். அண்ணன் என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் பள்ளியில் விட்டதெல்லாம் அந்த உறவினர்களுக்குத் தெரியாது. அவர்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் போபோடி பக்கம் வருகிறவர்கள்.

அண்ணனின் உடம்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவருடைய இடது காலில் கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக விலகி நிற்கும். கோபித்துக்கொண்டு ஒதுங்கி நிற்பதுபோல் இருக்கும். எங்கள் குடும்பத்து ஆண்கள் எல்லோருக்கும் அப்படித்தான். எனக்கும் உண்டு. சித்தப்பாவுக்கும் உண்டு, அவர் எப்போதும் சாக்ஸ் போட்டுக்கொண்டு வருவதால் பலருக்குத் தெரியாது.

இனி அந்த ஓவியரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரைச் சொல்லாமல் அண்ணனைச் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு எரிச்சல். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கோயிலில் படத்துக்குக் கீழே பித்தளைத் தகட்டில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. வேண்டியவர்கள் போய்ப் படித்துக்கொள்ளலாம்.

எங்கள் கோயில் கட்கியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காகக் கட்டிய கல்கோயில். இப்போது அதில் தமிழ் ஆராதனை நடக்கிறது. ஆண்டுதோறும் பிரதிஷ்டை நாளில் சபைச் செயலாளர் அந்த ஓவியரின் வரலாற்றை முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் வாசிப்பார். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்தில் ஒரு போதகர் வீட்டில் பிறந்தார். சிறு வயதில் காய்ச்சலில் பிழைத்ததால் தன் தூரிகையைத் தேவனுக்கென்று நேர்ந்துகொண்டார். வேதாகமக் காட்சிகளைத் தவிர வேறெதையும் வரையவில்லை. பாலஸ்தீனத்துப் பாறையின் நிறம் சரியாக வரவேண்டும் என்று கப்பலேறிப் பாலஸ்தீனத்துக்கே போனார். ஞாயிற்றுக்கிழமை தூரிகையைத் தொடமாட்டார். மது அருந்தமாட்டார். ஒவ்வொரு முகத்தையும் வரையும் முன் முழங்காலில் நின்று ஜெபிப்பார். நெஞ்சு நோய்க்கு வெயில் உள்ள ஊர் நல்லது என்று டாக்டர் சொன்னதால், கட்கியில் பட்டாள அதிகாரியாக இருந்த தங்கை கணவரின் பங்களாவுக்கு வந்து ஒரு குளிர்காலம் தங்கினார். அப்போது வரைந்ததுதான் எங்கள் கோயிலில் இருக்கும் படம். பிறகு ஊருக்குத் திரும்பி, முதிர்ந்த வயதில், வேதாகமத்துச் சங்கீதம் ஒன்றைச் சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாராம்.

செயலாளர் இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் சொந்த மாமியார் அடக்கத்தில்கூட அவர் கண்ணாடியைத் துடைத்து நான் பார்த்ததில்லை. நான் அந்த நேரத்தில் எழுந்து செருப்பு விடும் இடத்துக்குப் போய் நின்றுகொள்வேன்.

எங்கள் வீட்டில் அந்த மனிதரைப் பற்றி வேறு வரலாறு உண்டு. அதை யாரும் பிரதிஷ்டை நாளில் வாசிப்பதில்லை. படத்துக்கு ஆள் வேண்டும் என்று அவர் எங்கள் பூட்டனாரைக் கூப்பிட்டு, கையில் ஒரு பையைக் கொடுத்து, காலில் ஒன்றும் இல்லாமல் நிற்க வைத்தார். பிறகு முழங்காலில் நின்று ஜெபிக்கத் தொடங்குவார். நீளமான ஜெபம். அது முடிகிற வரைக்கும் பையைக் கீழே வைக்கக் கூடாது. வைத்தால் துணி மடிப்பு மாறிவிடும். பூட்டனாரின் வலது கை அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு சரியாகத் தூக்க வரவில்லை என்று எங்கள் தகப்பனார் சொல்வார். கடைசி நாளில் அந்தப் பக்திமான் தன் பழைய பூட்ஸ் ஜோடியைக் கொடுத்தார். எங்கள் கட்டைவிரல் அதற்குள் போகுமா? போகவில்லை. பெயர் கேட்டாரா என்றும் தெரியாது. பாறையின் நிறத்துக்காகக் கப்பலேறியவர், ஆளின் பெயருக்காக வாயைத் திறந்திருக்கலாம்.

படம் கோயிலில் மாட்டப்பட்டபோது பூட்டனாருக்கு உள்ளே போக அனுமதி இல்லை. கூலிக்காரர்கள் வெளியே மரத்தடியில்தான் ஜெபம் செய்தார்கள். தான் எந்த வேஷத்தில் நிற்கிறோம் என்று அவர் கடைசிவரை பார்க்கவில்லை.

வெள்ளைக்காரர்கள் போன பிறகு எங்களவர்கள் உள்ளே போனார்கள். அதற்குள் விளக்குப் புகையும் மெழுகுவத்திப் புகையும் ஏறி, படம் பாதி இருட்டாகியிருந்தது. ஆண்டவர் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு பேதுருவின் காலைக் கழுவுகிறார். சீஷர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாம் வெள்ளை முகம். ஓரத்தில், இருட்டில், கறுத்த ஆள் ஒருவர் மட்டும் நிற்கிறார். கையில் ஒரு பை. முன்னால் நீட்டிய இடது காலில் கட்டைவிரல் விலகி நிற்கிறது. எங்கள் பூட்டனார்.

கறுத்த முகம், கையில் பை. அவ்வளவு போதாதா? எங்கள் சபையில் சின்னப் பிள்ளை முதல் கிழவர் வரை அவரை, பணப்பையோடு திரிந்து ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் என்றுதான் சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் அப்படியே ஒப்புக்கொண்டார்கள். சித்தப்பா அந்தப் பக்கச் சுவரைப் பார்க்காமலே எத்தனையோ வருஷம் கோயிலுக்குப் போய் வந்தார். அவருக்கு மாசிலாமணி அவர்கள் சொந்தத் தாத்தா.

நானும் அந்த ஓவியரை வெறுத்தேன். இப்போதும் எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் அண்ணன் அந்தப் படத்தைத் தன் சொந்தப் பிள்ளையைப்போல் பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை தொழிற்சாலையிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போய், சட்டத்தின் மேல் உள்ள தூசியைத் தட்டுவார். படத்தின் மேல் கை வைக்கமாட்டார். ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"அந்தத் துண்டப் பாருடா. வெள்ளைய வெள்ளையால போடல இந்த மனுஷன். நீலம் இருக்கு, மஞ்சள் இருக்கு, கொஞ்சம் சாம்பல். தள்ளி நின்னா வெள்ள."

"உனக்கு வெக்கமே இல்லியாணா? நம்மள யூதாஸா போட்டுட்டுப் போயிருக்கான்."

"யூதாஸ் கண்ணப் பாரு. திருட்டுக் கண்ணா இருக்குதா? களைச்சுப்போன கண்ணுடா அது. வெறுத்தவன் அந்தக் கண்ணப் போட முடியாது."

"கை வலிச்சா கண்ணு களைச்சுத்தான் போகும்."

அண்ணன் சிரித்துவிட்டார். அவரிடம் சண்டை போடுவது கஷ்டம்.

தொழிற்சாலையில் அவருக்குப் பட்டப்பெயரே யூதாஸ்தான். கேன்டீனில் யாராவது, "அரே யூதாஸ், முப்பது வெள்ளிக்காசு எங்கே?" என்று கேட்டால், "அது இருந்தா உன்கூட ஏன்டா இந்த வடாபாவ் தின்னுகினு இருக்கேன்? கோரேகாவ் பார்க்ல பங்களா வாங்கியிருப்பேன்" என்பார்.

அண்ணன் தன் வாழ்நாளில் சபையிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். படத்துக்குக் கீழே உள்ள தகட்டில் ஓவியரின் பெயரோடு மாசிலாமணி என்ற பெயரும் இருக்கவேண்டும். புதிதாக ஒவ்வொரு போதகர் வரும்போதும் போய்க் கேட்பார். எல்லோரும் பார்க்கலாம் என்றார்கள். செயலாளர் மட்டும்தான் நேராகப் பேசினார். அந்த அளவில் அவரை மதிக்கிறேன்.

"உலகத்துல எந்த சர்ச்சுலயாவது யூதாஸுக்குத் தகடு வெச்சிருக்காங்களா, சொல்லுங்க பார்ப்போம்?"

"யூதாஸுக்கு வேணாம் சார். நின்னவருக்கு."

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த போதகர் ஒருவர் பெரிய வியாழன் மாலை ஆராதனையில் கால் கழுவும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். படத்தின் கீழே பன்னிரண்டு நாற்காலி போட்டு, சபையார் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து, போதகர் முழங்காலில் நின்று கழுவித் துடைப்பார். வரிசையில் கடைசி நாற்காலி யூதாஸின் நாற்காலி என்று எந்த வேதத்திலும் எழுதியிருக்கவில்லை. எங்கள் சபையில் உண்டு. யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. முதல் வருஷமே எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. முதல் நாற்காலிக்கு மூன்று பேர் முட்டிக்கொண்டார்கள், பேதுருவாக ஆசைப்பட்டு. பதினொன்று நிரம்பிவிட்டது. பன்னிரண்டாவது அப்படியே கிடந்தது. ஒருவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது, ஒருவருக்கு அவசரமாக வெளியே போகவேண்டியிருந்தது, ஒருவர் பாட்டுப் புத்தகத்தைத் தேடத் தொடங்கினார். கூட்டம் நெளிந்தது. போதகர் கையில் துண்டோடு நின்றார்.

அண்ணன் எழுந்து போய் உட்கார்ந்தார். இடது காலைத் தொட்டிக்குள் வைத்தார். மேலே படத்திலும் அதே கால்.

அதற்குப் பிறகு வருஷாவருஷம் அது அவருடைய நாற்காலி. ஆள் தேடும் வேலை மிச்சம் என்று சபைக்கும் வசதியாகப் போயிற்று. என்னை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் அந்த ஆள் வரைந்த படத்துக்குக் கீழே நான் காலை நீட்டியிருக்கமாட்டேன்.

அண்ணன் மகளுக்குச் சம்பந்தம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் பெரிய வியாழன் வருகிற பரிசுத்த வாரத்தில் பூனாவுக்கு வந்தார்கள். அப்போது நம் உறவினர்கள் கூடிப் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதில் பலர் இந்த மலரை இப்போது கையில் வைத்திருப்பீர்கள்.

"இந்த ஒரு வருஷம் அந்த நாற்காலியில உக்காராத" என்றார் சித்தப்பா. "யூதாஸ் வம்சத்துல பொண்ணு எடுக்கிறோமான்னு அவங்க யோசிக்கமாட்டாங்களா? உனக்குப் பொண்ணு முக்கியமா, நாற்காலி முக்கியமா?"

அண்ணன் முகம் அன்று வாடியிருந்தது. பெண்ணின் வாழ்க்கை அல்லவா. ஆனாலும் போய் உட்கார்ந்தார். சம்பந்தி முன் வரிசையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் உறவினர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சம்பந்தி அண்ணனிடம் வந்து கேட்டார்: "தண்ணி வெதுவெதுன்னு போட்டாங்களா, இல்ல பச்சத் தண்ணியா சம்பந்தி?" அவ்வளவுதான். கல்யாணம் நடந்தது. பெண் நன்றாக இருக்கிறாள். பயந்தவர்கள் எல்லோரும் பந்தியில் இரண்டாம் தடவை பிரியாணி வாங்கினார்கள்.

அண்ணன் ஓய்வு பெற்ற சமயத்தில் சபைக்கு வாகட் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். சென்னை, கோயம்புத்தூர்ப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள், சுறுசுறுப்பானவர்கள், எதையும் உடனே போட்டோ எடுப்பார்கள். எங்கள் படம் அவர்களுக்கு ஹெரிடேஜ் ஆகிவிட்டது.

"இத்தன வருஷமா இப்படியே விட்டுட்டீங்களே அங்கிள்! இது எவ்வளவு பெரிய பொக்கிஷம்ங்க!" என்று ஒரு பெண் அண்ணனிடம் வருத்தப்பட்டாள். அண்ணன் வாராவாரம் சட்டத்தைத் துடைத்து வந்தவர். அவளுக்கு அது தெரியாது.

அவர்கள் பழைய படங்களைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஒரு மராத்தி அம்மாவை அழைத்து வந்தார்கள். அவர் சாரம் கட்டி மேலே உட்கார்ந்து, குச்சியில் பஞ்சு சுற்றி, ஏதோ மருந்தில் தொட்டு, விரல் அகலம் விரல் அகலமாகப் புகையை எடுத்தார். அண்ணன் தினமும் பிளாஸ்கில் டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பட்டறைக்கு விடுமுறையான ஒரு நாள் நானும் போயிருந்தேன்.

"காகா, இகடே பகா" என்று அந்த அம்மா படத்தைக் காட்டிக் கூப்பிட்டார். அண்ணன் சாரத்தின் மேல் ஏறினார். "ஹீ பைஷாச்சி பிஷ்வீ நாஹீ, காகா. பகால் ஆஹே."

பணப்பை இல்லை. பகால். தண்ணீர் சுமக்கும் தோல்பை. நம் வேதாகமத்தில் துருத்தி என்று வருமே, அது. புகை போன இடத்தில் அதன் வாயும், வாயிலிருந்து சொட்டும் தண்ணீரும், கீழே ஒரு தொட்டியும் தெரிந்தன. பூட்டனார் யூதாஸ் இல்லை. சீஷரே இல்லை. கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்த வேலைக்காரர்.

அடுத்த வாரம் யூதாஸும் அகப்பட்டான். வாசல் பக்கம், வெறும் இருட்டு என்று நாங்கள் நினைத்த இடத்தில் நின்றுகொண்டிருந்தான். வெள்ளைத் தோல், பொன்னிறத் தாடி, படிய வாரிய தலை, இடுப்பில் பணப்பை. பட்டாளத்து சார்ஜென்ட் யாரோ நின்றிருப்பான். ஆக, அந்த ஓவியர் எங்களை யூதாஸ் என்று சொல்லவே இல்லை. கறுத்த முகத்தைப் பார்த்ததும் நாமேதான் சொல்லிக்கொண்டோம். இதை எழுதுவது எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். மீன்பிடிக்கிறவர்களான சீஷர்களுக்கு முகம் தேடியவருக்கு, அந்தப் பட்டாள லைனில் வெயிலில் கிடந்து கறுத்த ஆள் கண்ணெதிரில் நின்றார். அவர் கையில் துருத்தியைக் கொடுத்தார். சார்ஜென்ட்களை அப்போஸ்தலர் ஆக்கினார். பாலஸ்தீனத்துப் பாறை மட்டும் சரியான நிறத்தில் இருக்கிறது.

உறவினர்களுக்கு அன்றைக்குப் பண்டிகை. வேலூரிலிருந்தும் சோலாப்பூரிலிருந்தும் போன் வந்தது. சித்தப்பா சந்து முழுக்கப் பேடா கொடுத்தார். "நான் அப்பவே சொன்னேன், நம்ம தாத்தா அப்படிப்பட்டவர் இல்லன்னு" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். அவர் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை.

அண்ணன் மட்டும் பேடாவைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"இன்னாணா, உனக்குச் சந்தோசமே இல்லியா? யூதாஸ் இல்லன்னு ஆயிடுச்சே."

"யூதாஸா இருந்திருந்தா அவரு காலையும் ஆண்டவர் கழுவியிருப்பாருடா" என்றார். "வேதத்துல அப்படித்தானே இருக்குது? கழுவின பிறகுதானே அவன் எழுந்து போனான்? இத்தன வருஷமும் அந்தத் தைரியத்துலதான் போய் உக்காந்தேன். இப்ப பாரு. மத்தவங்க காலுக்குத் தண்ணி தூக்கினு வந்து நிக்கிறாரு. அவரு கால யாரும் கண்டுக்கல."

சொல்லிவிட்டுப் பேடாவை என் கையில் வைத்தார்.

தகடு விஷயம் இப்போதாவது சுலபமாக முடியும் என்று நினைத்தோம். யூதாஸ் என்ற தடை போய்விட்டதே. கமிட்டி புதுத் தகடு ஒன்று செய்தது. மூன்று மொழியில், பளபளவென்று. ஓவியரின் பெயர், அவருடைய பக்தி, பாலஸ்தீனப் பயணம் எல்லாம் இருந்தன. கடைசி வரியில், "தண்ணீர் கொண்டுவருபவராக நின்றவர்: பெயர் அறியப்படாத உள்ளூர்ப் பணியாள்" என்று போட்டார்கள்.

அண்ணன் செயலாளரிடம் போனார். நானும் கூடப் போயிருந்தேன், பின்னால் நின்றேன்.

"பேரு தெரியுமே சார். மாசிலாமணி. எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

"நீங்க சொல்றீங்க. ரெக்கார்டு இல்லையே. நாளைக்கு வேறொரு குடும்பம் வந்து எங்க பாட்டன்னு சொன்னா? ஹெரிடேஜ் விஷயம் பாருங்க, பொறுப்பா இருக்கணும்."

அண்ணன் செருப்பைக் கழற்றி, இடது காலை அவர் மேஜைக்குப் பக்கத்தில் தூக்கி வைத்துக் காட்டினார். செயலாளர் பார்க்கவில்லை. "காலை எடுங்க" என்றார்.

அந்த வருஷம் அண்ணனுக்கு மூச்சுத் திணறல் அதிகமாகிவிட்டது. பெயின்ட்டுக்கு நடுவில் கழித்த வருஷங்கள். நாலு அடி நடந்தால் நிற்பார். பெரிய வியாழனுக்கு முன்னால் செயலாளரே வீடு தேடி வந்தார். வாகட் பிள்ளைகள் போட்டோ எடுக்கப்போகிறார்கள், பத்திரிகையிலும் வரலாம், அதனால் இந்த வருஷம் அண்ணன் நாற்காலியில் உட்காரவேண்டாம், படத்தில் இருப்பதுபோல் தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு போதகருக்குப் பின்னால் நிற்கட்டும், வம்சத்துக்கே பெருமை என்றார். சித்தப்பா உடனே சரி என்றார்.

பெரிய வியாழன் மதியம் அண்ணன் தன் பழைய தொழிற்சாலை தூரிகையையும் வெள்ளைப் பெயின்ட் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு என்னை ஆட்டோ பிடிக்கச் சொன்னார். கோயிலில் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. எல்லாவற்றிலும் முதுகு சாயும் பக்கம் நம்பர் எழுதியிருந்தது. பல வருஷத்துக்கு முன் அண்ணன்தான் எழுதிக்கொடுத்தவர். அவர் கடைசி நாற்காலியின் நம்பரைச் சுரண்டி எடுத்துவிட்டு, பெட்டிகளில் எழுதுகிற அதே கொட்டை எழுத்தில், மூச்சு வாங்க வாங்க, மாசிலாமணி என்று எழுதினார். பாதியில் செயலாளர் வந்துவிட்டார்.

"என்ன செய்றீங்க? யாரைக் கேட்டு?"

"நாற்காலிக்கு ரெக்கார்டு தேவையில்லீங்களே சார்" என்றார் அண்ணன். "கிட்ட வராதீங்க, ஈரமா இருக்குது. கோட்டுல ஒட்டிக்கும்."

மாலையில் கோயில் நிறைந்திருந்தது. காமிராக்கள் தயாராக இருந்தன. அண்ணன் ஜாடியை வாங்கிக்கொண்டு போதகருக்குப் பின்னால் நடந்தார். ஒவ்வொரு நாற்காலியாகத் தண்ணீர் ஊற்றினார். பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது நாற்காலி, பெயின்ட் இன்னும் சரியாகக் காயாமல், வழக்கம்போல் காலியாக இருந்தது. போதகர் அதன் முன்னால் நின்று சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. நானும் அசையவில்லை.

முன் வரிசையில் செயலாளர் உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவரிடம் போய், "சார், இதக் கொஞ்சம் புடிங்க" என்று ஜாடியை நீட்டினார். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. வாங்கிக்கொண்டார். அண்ணன் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். போதகர் அவரைப் பார்த்தார்.

"தண்ணி கொண்டு வந்தவனுக்கும் காலு அழுக்காத்தானே இருக்கும் பாஸ்டர் ஐயா" என்றார் அண்ணன்.

போதகர் முழங்காலில் நின்றார். தண்ணீர் வேண்டும் என்று கையை நீட்டினார். செயலாளர் கோட்டும் டையுமாக வந்து, குனிந்து, ஊற்றினார். நான் அன்று செருப்பு விடும் இடத்துக்குப் போகவில்லை. ஒரு பிள்ளை அதைப் போட்டோ எடுத்திருக்கிறது. பத்திரிகையில் வரவில்லை. இந்த மலரின் அட்டையில் வருகிறது.

அந்த ஏப்ரல் கடைசியிலேயே அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையானார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லி, வீட்டில், அண்ணி கையால் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர். பெட்டியில் வைப்பதற்கு முன் நான்தான் அவருக்குத் தண்ணீர் ஊற்றினேன். காலைத் துடைக்கும்போது அவர் சட்டையின் பின்பக்கம் நினைவுக்கு வந்தது. அந்த வியாழக்கிழமை அவர் போட்டிருந்த சட்டையின் முதுகில் பூட்டனார் பெயரின் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அதைத் துவைக்காமல் வைத்திருந்தார்கள். அதையே போட்டு அனுப்பினோம். சித்தப்பா புதுச் சட்டை வாங்கி வந்திருந்தார். அது அவரிடமே இருக்கிறது.

நன்றி சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முழங்காலில் நின்ற போதகர் அவர்களுக்கு. அடக்கத்தன்று வந்து, அண்ணன் டீ கொண்டுபோன பிளாஸ்கில் எங்கள் எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்த மராத்தி அம்மாவுக்கு. வாடகை வாங்க மறுத்த ஆட்டோக்காரருக்கு. தண்ணீர் பற்றிக் கேட்ட சம்பந்திக்கு. அன்று ஜாடியைப் பிடித்துக்கொண்டு நின்ற செயலாளர் அவர்களுக்கும் நன்றி. கை வலித்திருக்கும். உறவினர்களுக்கு எதற்கு நன்றி சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். வந்து போனதற்குச் சொல்லிக்கொள்கிறேன்.

நாற்காலியில் எழுதியதை அழித்துவிட்டு நம்பர் போடவேண்டும் என்று கமிட்டியில் பேசினார்களாம். இன்னும் அழிக்கவில்லை. தொழிற்சாலை பெயின்ட், அவ்வளவு சீக்கிரம் போகாது. அந்த நாற்காலிக்கு இந்த வருஷம் ஆள் கிடைக்கவில்லை என்று இன்று காலை கோயிலிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். என்னைக் கேட்கவில்லை, சும்மா சொல்லிவிட்டுப் போனான். பட்டறையில் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போகலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். அழுக்கோடேயே போங்க என்றார்கள். மேலே இருக்கும் படத்தை நான் நிமிர்ந்து பார்க்கப்போவதில்லை. முதுகு மட்டும் பெயரில் படட்டும்.

போபோடி,
பெரிய வியாழன், 13.4.2006